தொங்கல் காம்பராவில் மணல்

நான் பிறந்த வீட்டில் இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். சும்மா வந்து தங்கவில்லை. மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைத்து, விமானம் ஏறி, புளத்கொகுபிட்டியவிலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறும் பாதையில் தலைசுற்றி வாந்தி எடுத்து, ஆனாலும் சிரித்த முகத்தோடு வந்து இறங்குகிறார்கள். எப்போதடா இதை விட்டுத் தொலைவோம் என்று நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஏங்கிக் கிடந்த லயக் காம்பராவுக்குத்தான் இத்தனை பாடும்.

ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக அடுக்கிய, தோட்டத் தொழிலாளரின் ஒற்றை அறை வீடுகள்தான் லயம். அந்த அறைக்கு நாங்கள் காம்பரா என்போம். எங்களுடையது தொங்கல் காம்பரா, அதாவது வரிசையின் கடைசி. ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சண்டை கேட்கும், மறுபக்கம் இறப்பர் காடு. ரோட்டுக்குக் கீழே புது வீடுகள் கட்டித் தோட்டத்து நிர்வாகம் எங்களை இறக்கியபோது, காலியான லயத்தை ஒரு ஹோட்டல்காரர் குத்தகைக்கு எடுத்தார். இடித்துவிட்டுக் கட்டுவார் என்று நினைத்தோம். அவர் இடிக்கவில்லை. எங்கள் அடுப்புப் புகை படிந்து கறுத்த சுவரை அப்படியே விட்டு, அந்தக் கறுப்பின் மேல் வார்னிஷ் பூசினார். காரை உதிர்ந்த இடத்தை உதிர்ந்தபடியே விட்டார். பின்சுவரை மட்டும் உடைத்துக் கண்ணாடிக் கதவு வைத்தார். மலைத் தண்ணீர் விழும் பீலியில் வரிசை கட்டி நின்று நாங்கள் தண்ணீர் சுமந்த வீட்டில் இப்போது சுடுதண்ணீர் மேலிருந்து மழையாகக் கொட்டுகிறது.

அங்கே அறை துப்புரவு செய்வது என் வேலை. அதற்கு முன் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கவும் இறப்பர் பால் வெட்டவும் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் குறைந்துபோனதும் அதை மூடிவிட்டார்கள். ஹோட்டல் மானேஜர் ஒரு சிங்கள இளைஞர். என்னை அக்கா என்பதைச் சிங்களத்தில் அக்கே என்றுதான் கூப்பிடுவார், மரியாதை தெரிந்தவர். ஆனால் நான் அந்தக் காம்பராவில் பிறந்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து, விருந்தாளிகளிடம் பழைய கதை சொல்லச் சொல்லி என்னை அரித்தெடுத்தார். நானும் ஹோட்டல் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருக்கும் பால்வெட்டுக் கத்தியும் ஒன்றா என்று கேட்டேன். சிங்களத்தில் கேட்டதால் கொஞ்சம் காரமாகவே விழுந்தது. அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

எதற்காக வருகிறார்கள் என்று எனக்கும் தொடக்கத்தில் விளங்கவில்லை. தெற்குக் கடற்கரையில் கிடந்து கறுத்துவிட்டு, கித்துல்கலவில் இறப்பர் படகில் ஏறி ஆற்றோடு உருண்டுவிட்டு, கடைசியாக எங்கள் முன் திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்காருகிறார்கள். உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார்கள். துணி காயவில்லையே, கூரை ஒழுகுமே, நாளைக்குப் பால் வெட்டு இல்லாமல் அரைச் சம்பளமாகிவிடுமே என்ற எந்தக் கவலையும் இல்லாமல் பார்த்தால் அந்த மழை அழகாகத்தான் இருக்கிறது. அதை நான் அவர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, கொஞ்சம் எரிச்சல் உண்டு.

தீவு என்ற சொல்லே அவர்களுக்கு இனிக்கிறது. எங்களுக்கு அது பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படம். நான்கு பக்கமும் மலை நிற்கும் இடத்தில் பிறந்தவளுக்குக் கடல் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் அந்தச் சொல்லில் மயங்கியவன் ஒருவன்தான். என் தம்பி.

தம்பி எதையும் மெதுவாகச் செய்பவன். சாப்பாட்டில் அது இன்னும் மோசம். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலை வாங்க வேண்டிய அப்பா, ரொட்டியை நாலு விள்ளலில் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். தம்பி அதே ரொட்டியை வைத்துக்கொண்டு, ஓரத்தைக் கிள்ளி, சம்பலில் தொட்டு, சுவரைப் பார்த்து, யோசித்து மெல்லுவான். பஸ் போய்விடும் என்று நான் கத்துவேன். மாடுகூட இதைவிட வேகமா அசைபோடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே படியிறங்குவார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். அவன் முடிக்கும்வரை அடுப்பருகே உட்கார்ந்திருப்பாள்.

அப்பா நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தபின், தம்பி பால் வெட்டப் போகமாட்டேன் என்றான். கேகாலையில் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து மாலைதீவுக்குப் போனான். சின்னஞ்சிறு தீவு, அதில் ஒரே ஒரு ஹோட்டல். நடுவில் நின்றால் இரண்டு பக்கக் கடலும் தெரியும் என்று போனில் சொன்னபோது அவன் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. அங்கே அவனுக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டாள். மணல் வாருவது என்றான். விருந்தாளிகள் எழுமுன், கரை முழுவதும் ஒரு பெரிய வாரியால் இழுத்து, முந்தின நாள் கால்தடங்களை எல்லாம் அழித்துவிட வேண்டும்.

"அவங்க எந்திரிச்சு வந்து பாக்கும்போது, அந்த மண்ணுல அவங்கதான் மொத ஆளுன்னு இருக்கணும். அதுக்குத்தான் அவ்வளவு தூரம் வாறாங்க," என்றான்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் முற்றம் கூட்டுவது பெண்பிள்ளைகளின் வேலை. இதுக்கா கடல் தாண்டிப் போன என்றாள்.

ஒரே ஒரு முறை லீவில் வந்தான். ஒரு கண்ணாடிப் போத்தல் நிறைய அந்தத் தீவின் மணலைக் கொண்டுவந்திருந்தான். எங்கள் ஆற்று மணல் கறுப்பு கலந்தது, தெற்குக் கடற்கரை மணல் மஞ்சள். இதுவோ சலித்த அரிசி மாவு போல் வெள்ளை. லயத்துச் சனம் முழுக்க வந்து பார்த்தது. அம்மா அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு துண்டு நல்ல மாசிக் கருவாடும் கொண்டுவந்திருந்தான். அம்மா இடித்துச் சம்பல் அரைத்தாள். அவன் வழக்கம்போல் ஊர் உறங்கும் வரை சாப்பிட்டான்.

திரும்பிப் போன சில மாதங்களில் போன் நின்றது. ஹோட்டலில் கேட்டால், வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். எங்கே போனான் என்று தெரியாது. சாமான் ஏற்றிய படகில் ஏறினான் என்று ஒருத்தர் சொன்னார், ஏறவேயில்லை என்று இன்னொருத்தர் சொன்னார். ஏஜென்சிக்காரனின் கடையில் இப்போது போன் உறைகள் விற்கிறார்கள். கேகாலைக்கும் கொழும்புக்கும் நடந்து நடந்து என் செருப்புத்தான் தேய்ந்தது. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "செத்துருந்தா சொல்லியிருப்பாங்க," என்பாள் அம்மா. அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. மாசி வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஆனால் தீபாவளி வருஷம் தவறாமல் வரும், பேச்சும் வரும். எங்கள் பக்கம் தீபாவளிக்கு முன்னோருக்குப் படையல் போடுவோம். இறந்தவருக்கு ஓர் இலை. பிடித்ததை எல்லாம் அதில் வைத்து, விளக்கேற்றி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுவதை உயிரோடிருப்பவர்கள் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் பொறுத்து, கதவைத் தட்டி, வருகிறோம் என்று தெரியப்படுத்திவிட்டுத்தான் திறக்க வேண்டும். அப்பாவுக்கு நாங்கள் நெடுநேரம் காத்திருப்பதில்லை. அவர் சாப்பிடும் வேகம் எங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, ஒரு தீபாவளியில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பையனுக்கும் ஓர் இலை போட்டுவிடு அண்ணி, பசியோடு அலையவிடாதே என்று. அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு எலை போடச் சொல்றியா?" என்று கேட்டாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. அத்தையோடு அடுத்த தீபாவளி வரை பேசவும் இல்லை.

எனக்கு இரண்டு பக்கமும் வலித்தது. அம்மா அந்த இலையைப் போட்டுவிட மாட்டாளா என்று ஆசைப்பட்டேன். போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். இலை போட்டால் முடிந்தது. போடாதவரை எங்கோ ஒரு தீவில் அவன் மணல் வாரிக்கொண்டிருப்பான்.

புது வீட்டுக்கு இறங்கியபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். வீடு மாறும்போது இறந்தவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் பழைய வீட்டிலேயே நின்றுவிடுவார் என்பது எங்கள் நம்பிக்கை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் குலசாமியைப் பிடிமண்ணாகத்தான் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அதே வழக்கம்தான். அம்மா படையல் போடும் மூலையில் ஒரு பிடி மண்ணைச் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டு, வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். வாங்க, வீடு மாறிப் போறோம், எங்க பின்னாடியே வாங்க என்று. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டு முடித்ததும் அம்மா ஒரு கணம் வாய் திறந்தபடியே நின்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு படியிறங்கினாள். தம்பியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் செத்தவன் என்றாகிவிடும்.

மணலை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா அறையிலும் மணல் வரும். கடற்கரையில் கிடந்துவிட்டு வருகிறவர்களின் பையிலும் செருப்பிலும் பாதிக் கடற்கரை கூடவே வரும். அதைக் கூட்டித் தள்ளுவதே தினசரி எரிச்சல். தொங்கல் காம்பராவில் மட்டும் மணல் வெள்ளையாக இருக்கிறது என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாளானது. கவனித்த பிறகும் மனம் ஏதேதோ சமாதானம் சொன்னது. அந்த விருந்தாளி வேறு கரைக்குப் போயிருப்பார், வேறு நாட்டிலிருந்து வந்திருப்பார்.

பிறகு ஒரு தம்பதி விமான நிலையத்திலிருந்து நேராக இங்கே வந்தார்கள். கடலை இனிமேல்தான் பார்க்கப் போகிறார்கள். முதல் காலையிலேயே அவர்களின் கட்டிலுக்கும் பழைய அடுப்பு மூலைக்கும் நடுவில் மணல் கிடந்தது. மானேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவர்ச் சுண்ணாம்பு உதிர்கிறது அக்கே, கட்டும்போது கொத்துவேலை பாஸ் கடல் மண் கலந்திருப்பார் என்றார். அவர் போனபின் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. கடல் மண் என்றால் உப்புத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சாமிப் படத்துப் பக்கம் போய்ப் போத்தலைப் பார்த்தேன். மூடியில் தம்பி ஊற்றிய மெழுகு அப்படியே இருந்தது. கழுத்துவரை மணலும் இருந்தது.

என்ன பார்க்கிற என்று அம்மா கேட்டாள். தூசி தட்டுகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் என் முதுகு கூசும். பயம் என்று சொல்லமாட்டேன். பிறந்து வளர்ந்த இடத்தில் என்ன பயம்? யாரோ உள்ளே இருக்கும்போது தட்டாமல் நுழைந்துவிட்ட கூச்சம் அது. ஆள் இல்லாத அறை என்று தெரிந்தும் தட்டிவிட்டுத்தான் நுழைவேன். மானேஜர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல பழக்கம் என்று மற்றப் பெண்களிடம் என்னைப் புகழ்ந்தார்.

ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக வந்து ஒரு வாரம் போலத் தங்கினார். என் வயதுதான் இருக்கும், முகம் நிறையக் களைப்பு. போனை அணைத்துப் பைக்குள் போட்டவர் எடுக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்டேன். யாராலும் தன்னைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடத்துக்குப் போக வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை என்றார். அதற்குத் தீவைப் போல் ஓர் இடம் கிடையாது என்றார். நல்லவர், அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ கையிலிருந்த வாளியை அவர் காலடியில் கவிழ்த்துவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. தேடித் தேடிக் கிடைக்காதவனின் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறாரே என்று இருந்தது. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

கிளம்பும் காலையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அறைக்காக, சாப்பாட்டுக்காக, பிறகு இன்னொன்றுக்காக. தினமும் விடியுமுன்னே வந்து வாசலைக் கூட்டுகிறீர்களே, சர் சர்ரென்று அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்பது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா என்றார். அவசரமே இல்லாமல், அவ்வளவு மெதுவாக இழுப்பீர்களே என்று கையால் இழுத்தும் காட்டினார்.

நான் வேலைக்கு வருவது வெயில் ஏறிய பிறகு. எனக்கு முன்னே வாசலைக் கூட்ட அங்கே ஆளில்லை. தொங்கல் காம்பராவுக்கு முன்னால் கூட்டுவதற்கு மண் முற்றமே இல்லை, இப்போது புல் பதித்திருக்கிறார்கள். அவரிடம் நான் எதுவும் மறுத்துச் சொல்லவில்லை. மெதுவாக என்ற அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. வேன் கிளம்பும்வரை கையாட்டிவிட்டு, சமையல் குசினிக்குப் பின்னால் போய் அழுதேன்.

ஐப்பசி மழையில் பாதை ஓரிடத்தில் சரிந்து விருந்தாளிகள் வராமல் போனார்கள். அறைகள் பூட்டிக் கிடந்தன. பாதை திறந்ததும், காற்று வாங்கத் திறந்துவிடச் சொல்லி மானேஜர் சாவிக்கொத்தைக் கொடுத்தார். மற்ற அறைகளில் ஈர வாடை. தொங்கல் காம்பராவைத் தட்டிவிட்டுத் திறந்தேன்.

வாசற்படியிலிருந்து அடுப்பு மூலைவரை தரை முழுவதும் மெல்லிய வெள்ளை மணல். குவியலாக இல்லை, சிந்தியதாகவும் இல்லை. ஒரே அளவு இடைவெளியில் கோடு கோடாக, தலை வாரியதுபோல் இழுத்திருந்தது. ஒரு கால்தடம் கிடையாது.

நான் படியிலேயே நின்றேன். உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை. வைத்தால் தடம் விழும். தடம் விழுந்தால் அவனுக்கு மறுபடியும் வேலை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, மானேஜர் கீழேயிருந்து கூப்பிட்டார், மத்தியானமே ஆட்கள் வருகிறார்களாம். குனிந்து ஒரு கை அள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மீதியைக் கூட்டினேன். என் வேலை அதுதானே.

சட்டைப் பையில் போட்டதை மறந்தே போனேன். மறுநாள் அம்மா என் வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறாள். நான் பின்கட்டுக்குப் போனபோது அவள் துவைகல்லில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க கெடந்துச்சு?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வெள்ளைக்கார அம்மா கேட்ட சத்தத்தையும் சொன்னேன். பைத்தியமாடி ஒனக்கு என்று அவள் திட்டினால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. தான் அந்தக் காம்பராவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். நாங்கள் இறங்கி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் அழைத்துப் போனேன். காலையில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், அடுத்தவர்கள் பின்னேரம்தான் வருவார்கள். மானேஜர் சாவியைத் தந்தார். அறையை அப்போதுதான் கூட்டித் துடைத்திருந்தேன். ஈரம்கூட முழுதாகக் காயவில்லை. கண்ணாடிக் கதவை உள்பக்கம் தாழ் போட்டிருந்தேன்.

அம்மா உள்ளே வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள், கொசுவலையைப் பார்த்தாள். கறுப்புச் சுவரைத் தடவி, விரலை முகர்ந்து, இதுக்கு எதுக்கு மினுக்கம் என்றாள். அடுப்பு இருந்த மூலையில் ஹோட்டல்காரர்கள் ஒரு மண்பானையில் செடி வைத்திருந்தார்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கதவைச் சாத்து. வெளிய நிப்போம்," என்றாள்.

இலை போடவில்லையே, விளக்குக்கூட இல்லையே என்றேன். பரவாயில்லை, சாத்து என்றாள். சாத்தினேன். இருவரும் இஸ்தோப்பில் நின்றோம். மழை விட்டிருந்தது. இறப்பர் மரங்களில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே சர்ரென்று ஏதோ இழுபடுவதுபோல் எனக்குக் கேட்டது. மரத்திலிருந்து இலை உதிர்ந்து தகரத்தில் சறுக்கியிருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருக்கிறது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அவளே கதவைத் தட்டினாள். அவளே திறந்தாள்.

மூலையில், செடிப் பானைக்கு முன்னால், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவு இடத்தில், ஈரச் சீமெந்தின் மேல் வெள்ளை மணல் கோடு கோடாகக் கிடந்தது. தம்பி சாப்பிட உட்காரும் இடம் அது. கண்ணாடிக் கதவின் தாழ் போட்டபடியே இருந்தது.

நான் வாசற்படியிலேயே நின்றேன். அம்மா நேராகப் போய் அந்த மணலின் ஓரத்தில் மண்டியிட்டாள். அள்ளினாள், ஒரு பொடி விடாமல் விரலால் ஒற்றி ஒற்றி அள்ளினாள். முந்தானையில் முடிந்தாள். முடிச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளையை எழுப்பும் குரலில் கூப்பிட்டாள்.

"சாமி, வீடு மாறிட்டோம்டா. அப்பாவைக் கூப்புட்டப்ப ஒன்னையும் கூப்புட்டிருக்கணும். நீ உசுரோட இருக்கன்னு நம்பி, ஒன்ட்ட சொல்லாம வந்துட்டோம். எந்திரி, வா. போவோம்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். அவன் காணாமல் போன இத்தனை காலத்திலும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அடக்கியே வைத்திருந்தவள், அந்த வார்னிஷ் பூசிய சுவரில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டு அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். அவன் இல்லை என்பது எனக்கும் அந்த இடத்தில்தான் உறைத்தது.

இறங்கும் வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள். என்னிடம் இல்லை. படி பாசி புடிச்சிருக்கு, பாத்து வா. இது பிள்ளைக் காம்பரா, மூடிட்டாங்க, அக்காவுக்கு இப்ப வேற வேலை. ரோட்டைத் தாண்டணும், வேன் வரும், நில்லு. எதிரே குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வழிவிட்டு நின்று, அழகாகச் சிரித்து, ஆயுபோவன் என்று வணக்கம் சொன்னார்கள். நான் தலையசைத்தேன். அம்மா அவர்களைப் பார்க்கவே இல்லை. நாங்கள் கடந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் குனிந்து, எங்களுக்குப் பின்னால் நனைந்த பாதையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன பார்த்தாள் என்று நான் போய்க் கேட்கவில்லை. வீட்டு வாசலில் அம்மா முடிச்சைத் தொட்டு, இதுதான் நம்ம வீடு என்றாள்.

அதற்குப் பிறகு தொங்கல் காம்பராவில் வெள்ளை மணல் இல்லை. விருந்தாளிகளின் மஞ்சள் மணல்தான். சுண்ணாம்பு உதிர்வது நின்றுவிட்டது பாருங்கள் அக்கே என்று மானேஜர் சந்தோஷப்பட்டார். நான் இன்னும் தட்டிவிட்டுத்தான் நுழைகிறேன்.

அம்மாவைக் காம்பராவுக்கு அழைத்துப் போன மறுநாள் தீபாவளி. அம்மா விடியற்காலையிலேயே ஆளனுப்பிக் கடையைத் திறக்கவைத்து மாசி வாங்கினாள். அத்தைக்கும் சொல்லி அனுப்பினாள். சாமி மூலையில், போத்தலுக்கு முன்னால், இரண்டு இலை போட்டாள். அப்பாவின் இலையில் கறியும் வடையும் ஒரு மடக்குச் சாராயமும். அடுத்த இலையில் ரொட்டியும் மாசிச் சம்பலும். விளக்கேற்றி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அத்தை சுவரோரம் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். வழக்கமாகப் பொறுக்கும் நேரம் பொறுத்துவிட்டு, தட்டுவதற்கு நான் கையை ஓங்கினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா முடிச்சிருப்பாரு. அவன் மெதுவாத் திங்கிறவன். இன்னுங் கொஞ்சம் பொறு."